சிஸ்டர் வாய் திறக்கவில்லை

இந்த நாட்டில் ஒருவரின் முதுகைத் துடைப்பதற்கு முன்னால், "இப்போது உங்கள் முதுகைத் துடைக்கப்போகிறேன்" என்று அறிவிக்க வேண்டும். கையைத் தூக்கும் முன் கையைத் தூக்கப்போவதாக, சட்டைப் பொத்தானைக் கழற்றும் முன் கழற்றப்போவதாக. படுத்திருப்பவருக்குக் காது சுத்தமாகக் கேட்காவிட்டாலும், பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துவிட்டிருந்தாலும், சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். ஜெர்மனியில் இந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் வாங்கிய முதல் திட்டு இதற்காகத்தான். தண்ணீர் சரியான சூட்டில் இருந்தது, துண்டு மெதுவாகத்தான் பட்டது, ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. மேற்பார்வையாளர் ஃப்ராவ் ஹென்னிங் என்னைத் தனியே அழைத்து, "கன்னியம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா? யாருடனாவது சண்டையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிறகு ஏன் பேசுவதே இல்லை?" என்றார். "வேலை செய்துகொண்டிருந்தேனே" என்றேன். என் பதில் மொழிக் கோளாறு என்று முடிவு செய்து, மொழி வகுப்பில் கூடுதலாக ஒரு மாலையைச் சேர்த்துவிட்டார்.

இதைப் படிக்கிற பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர்களுக்கு என் பதில் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் குப்பம் ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி இருக்கிறது. படகும் வலையும் உள்ள வீடுகள் ஒரு பக்கம். வெறுங்கையால் இறாலும் நண்டும் பிடிக்கிற எங்களைப் போன்ற வீடுகள் இன்னொரு பக்கம். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, அடிச்சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் பின்னிய பறி ஒன்று உண்டு. இரண்டு கையும் சேற்றில் இருந்தால் பறியை யார் பிடிப்பது? அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். பறி தாடைக்குக் கீழே தொங்கும். வாயைத் திறந்தால் பறி போகும், அன்றைய சோறும் அதோடு போகும். அதனால் எங்கள் ஆட்களுக்கு வேலை என்றால் வாய் மூடியிருப்பது. என் முதல் பால்பல் பறிக் கயிற்றோடுதான் போனது. அப்படி வளர்ந்தவளை ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் வாய்விட்டு அறிவிக்கச் சொன்னால் என்ன செய்வது? பழகிக்கொண்டேன். இப்போது தூக்கத்தில்கூட அறிவிக்கிறேன் என்று அறைத்தோழி கேலி செய்கிறாள்.

ஆனால் நான் எழுத வந்தது என் வாயைப் பற்றி அல்ல. சிஸ்டர் அமலோற்பவத்தின் வாயைப் பற்றி. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி அவர். சில வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, பேச்சு போய், வலது பக்கம் விழுந்துவிட்டது. அனுப்பம்பட்டுப் பக்கத்தில் அவர்களுடைய சபையின் ஓய்வு இல்லத்தில் படுத்திருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளும் இளம் சிஸ்டர் ஜோஸ்பின் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பினார். "அக்கா, பெரிய சிஸ்டர் ரெண்டு நாளா எதுவும் வாங்க மாட்டேங்கிறாங்க. கஞ்சி கொண்டுபோனா வாயை இறுக்கி மூடிக்கிறாங்க. மதர் சொல்றாங்க, அவங்க ஒருசந்தி விரதம் இருக்காங்களாம், ஆண்டவர்கிட்ட போகத் தயாராகிறாங்களாம், தொந்தரவு பண்ண வேண்டாம்னு." பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அதை மறுபடி மறுபடி கேட்டேன். அன்றிலிருந்து போன் அதிர்ந்தால் எனக்கும் உடம்பு அதிர்கிறது.

சிஸ்டர் அமலோற்பவம் கரிசல் சீமையில் பிறந்தவர். கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்ததாக அவரே சொல்வார். சபை அவரைத் தூக்கி ஏரிக்கரையில் போட்டது. தண்ணீர் என்றால் அப்படி ஒரு பயம் அவருக்கு. கரையில் நடந்தால்கூட ஏரிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நடப்பார். புனிதவதி என்று நினைத்துவிடாதீர்கள். சுள்ளென்று கோபம் வரும், சாக்பீஸ் பறக்கும். புளிச்சோறு என்றால் உயிர். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓடும்போது யார் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாலும் அவர் போகமாட்டார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பிப் பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் அதிரும்போது முதலில் சிலுவை போடுவார், பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார்.

அவர் வந்த புதிதில் எங்களை ஊமைகள் என்று நினைத்தார். நினைக்காமல் என்ன செய்வார்? படகுக்கார வீட்டுப் பிள்ளைகள் கத்திக் கத்திப் பாடம் சொல்லும். எங்கள் வரிசை மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பதில் சொன்னால் கருப்பட்டித் துண்டு தருவதாக ஆசை காட்டினார். நாங்கள் பதில் சொல்லவில்லை. மனம் கேட்காமல் கருப்பட்டியைக் கொடுத்துவிட்டார். அதையும் சத்தமில்லாமல் தின்று முடித்தோம்.

ஒருநாள் என் அம்மாவை வழிமறித்தார். "உம் பிள்ள வாயத் தெறக்கவே மாட்டேங்காளே, பேச்சு வராதா?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டாள். "வூட்ல வாய மூடவே மூடாது சிஸ்டர். வேல செய்யசொல்லதான் பேசாது. ஸ்கூலையும் வேலனு நெனச்சிக்கினு கீது." அதைக் கேட்டு சிஸ்டருக்கு முகம் மாறிவிட்டதாம். ஆனால் தப்பான கணக்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை. வருஷத்தில் சில நாட்கள் அவர்கள் மௌன தியானம் இருப்பார்கள். அந்த நாட்களில் கையில் ஜெபமாலையோடு வாயை மூடிக்கொண்டு கரையோரம் நடப்பவரைப் பார்த்து எங்கள் பெண்களுக்குப் பெரிய சந்தேகம். கடைசியில் அம்மாதான் கேட்டாள். "இன்னா சிஸ்டர், ரெண்டு நாளா பாக்கறேன், வாயில இன்னா வெச்சிக்கினு கீறீங்க?" வாய் மூடியிருந்தால் எதையோ கடித்துக்கொண்டிருக்க வேண்டும், எங்களுக்கு வேறு காரணம் தெரியாது. சிஸ்டர் மௌனத்தை முறித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்காகப் பிற்பாடு அப்போதைய மடத்து மதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

அதற்கப்புறம்தான் அவர் ஏரியில் இறங்கினார். எங்கள் வேலையைத் தானும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு, அம்மாவின் தோளை விடாமல், ஒவ்வோர் அடிக்கும் ஒரு மரியே வாழ்க சொல்லிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவுக்கு வந்ததும் அம்மா பறிக் கயிறு ஒன்றை அவர் பல்லில் கொடுத்தாள், ஜெபம் நின்றது. அம்மா தன் கையைச் சேற்றில் வைத்து, சிஸ்டரின் கையை எடுத்துத் தன் புறங்கைமேல் வைத்துக்கொண்டாள். புதிதாய் இறங்கும் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் இப்படித்தான் பழக்குவார்கள். பழகியவர் கை கீழே, பழகுகிறவர் கை மேலே. கீழே இருக்கிற கை தேடும், மேலே இருக்கிற கை கூடவே போகும். சேற்றில் இறால் மட்டுமா இருக்கிறது? கெளுத்தி முள் இருக்கிறது, உடைந்த சிப்பி இருக்கிறது. குத்தினால் கீழே இருக்கிற கைக்குத்தான் குத்தும்.

அன்று கெளுத்தி குத்தியது. அம்மாவின் உள்ளங்கையில் ஏறியது. அம்மா வாய் திறக்கவில்லை, பறி வாயில் இருக்கிறதே. தொண்டைக்குள் ஒரு முனகல், அவ்வளவுதான். கலங்கிய தண்ணீரில் சிவப்பு பரவியதைப் பார்த்த பிறகுதான் சிஸ்டருக்கு நடந்தது புரிந்தது. தன் கைக்கு வந்திருக்க வேண்டிய முள் என்று அழுதுகொண்டே கரையேறினார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சேலை பிறகு எத்தனை சோப்புப் போட்டும் வெள்ளைக்குத் திரும்பவில்லை. அதையே கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

அதிலிருந்து வகுப்பில் இரண்டு விஷயங்கள் மாறின. விடியற்காலையில் ஏரியில் இறங்கிவிட்டு வருகிற பிள்ளைகளின் கைகள் ஊறி வெடித்துப்போயிருக்கும். முதலில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார், எரிச்சல் ஆறும்வரை எழுத்து வேலை கிடையாது. இன்னொன்று, எழுதக் கற்றுக்கொடுக்கும் விதம். ஊருலகத்தில் ஆசிரியர்கள் பிள்ளையின் கையை மேலிருந்து இறுக்கிப் பிடித்து இழுப்பார்கள். சிஸ்டர் பலப்பத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் கையைத் தன் புறங்கைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். "நீ எழுதாண்டாம்ளா, கூடவே வா" என்பார். 'அ' போகும் வளைவெல்லாம் என் உள்ளங்கைக்குக் கீழே அவர் எலும்புகள் நகர்வதாகத்தான் எனக்கு முதலில் தெரிந்தது. இன்றைக்கு ஜெர்மன் எழுதும்போதும் பேனாவை நான் கொஞ்சம் மேலிருந்துதான் பிடிக்கிறேன். அவர் கைக்கு இடம் விட்டுப் பழகிய கை.

பொன்னேரியில் என்னைப் பிளஸ் டூ சேர்த்தவர், நைனா குறுக்கே நின்றபோது எங்கள் வீட்டு வாசலில் வெயிலில் நின்று வாதாடியவர், சென்னையில் நர்சிங் படிக்க இடம் பிடித்துக்கொடுத்தவர், எல்லாமே அவர்தான். ஞானஸ்நானம் பெறு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் பெயரும் எங்கள் சாமியின் பெயராகவே இருக்கிறது. நான் விமானம் ஏறியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "குளிர்ல சாப்பிடாமக் கெடக்காத." அப்படிச் சொன்னவர்தான் இப்போது சாப்பிடாமல் கிடக்கிறார்.

ஃப்ராவ் ஹென்னிங்கிடம் விடுமுறை கேட்டேன். எனக்கு இன்னும் ப்ரோபேட்ஸைட், அதாவது தகுதிகாண் காலம். அதில் பாதியில் கிளம்பினால் வேலையும் விசாவும் ஆட்டம் காணும். "உன் அம்மாவா?" என்று கேட்டார். இல்லை. "உறவா?" இல்லை. "அப்படியானால் யார்?" எனக்குத் தெரிந்த ஜெர்மனில், அவர் கைமேல் கை வைத்து நான் வேலை கற்றுக்கொண்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் யோசித்து, "முன்பு உன்னோடு வேலை செய்தவரா?" என்றார். சோர்வில் தலையாட்டித் தொலைத்தேன். மறுநாள் பூப்படம் போட்ட வாழ்த்தட்டை ஒன்றை வாங்கி வந்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி என்னிடம் நீட்டினார். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. சாப்பிட மறுக்கிறார் என்று சொன்னதும் என் தோளைத் தொட்டு, "அது அவருடைய முடிவு. நாம் மதிக்க வேண்டும்" என்றார். அனுப்பம்பட்டு மதரும் ஹென்னிங்கும் ஒருவரை ஒருவர் கனவிலும் கண்டதில்லை. இரண்டு பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள்.

அது என்னை ஆட்டிவிட்டது. எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது நான் ஒருத்தி மட்டும் மாற்றிச் சொல்ல யார்? ஒருவேளை அவர் உண்மையிலேயே போக விரும்புகிறாரா? என் ஆசைக்காக அவர் வாயில் கஞ்சியைத் திணிக்கப் பார்க்கிறேனா? வேலையில் மாத்திரை டப்பாவை இரண்டு முறை தப்பாகத் திறந்து, நல்ல வேளையாகக் கவனித்து மூடினேன். டாக்டர் அவகாசம் கொடுத்திருந்தார். மறுநாளுக்குள் மூக்குக் குழாய் வைப்பதா, அப்படியே விடுவதா என்று சபை முடிவு செய்ய வேண்டும். மதர் விடுவதன் பக்கம்தான் சாய்ந்திருந்தார்.

வீடியோவில் அழைத்தேன். சிஸ்டர் மல்லாந்து படுத்திருந்தார். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தாரா, போனைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஜோஸ்பின் சிஸ்டர், "பெரிய சிஸ்டர், கன்னியம்மா அக்கா பாருங்க, ஆ காட்டுங்க, ஒரே ஒரு வாய்" என்று கொஞ்சிக்கொண்டே பால் ஸ்பூனை மேலிருந்து இறக்கினார். ஸ்பூன் உதட்டைத் தொடுவதற்கு முன்பே தாடை கெட்டித்துவிட்டது. கண்ணில் தெரிந்தது பக்தி அல்ல. ஏரியில் முதல் அடி வைத்தபோது அந்தக் கண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

"முன்னாடி ஏதாவது குடுக்கும்போது புரையேறுச்சா?" என்று கேட்டேன். ஆமாம், பால் கொடுத்தபோது மூச்சே நின்றுவிடும்போல இருமினார், அதற்கப்புறம்தான் இப்படி என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நேத்து சாமியார் நற்கருணை கொண்டுவந்தாரு. அதுக்கும் வாயைத் திறக்கல. எங்களுக்கெல்லாம் ஒரே அழுகை."

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பில் உயிர் வந்தது. நான் அவர்கள் கோவிலில் சேர்ந்தவள் இல்லை, ஆனால் அவர்கள் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் சிஸ்டர் ஒருசந்தி இருந்து நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாத நாளிலும், ஆண்டவரே என்று அவர்கள் நம்பும் அந்த நற்கருணை அப்பத்தை விட்டதில்லை. ஆண்டவருக்காகப் பட்டினி கிடக்கிறவர் ஆண்டவருக்கே வாயை மூடுவாரா? "இது ஒருசந்தி இல்ல சிஸ்டர், பயம்" என்று கத்தினேன். எங்கள் இல்லத்தில் ஃப்ராவ் டோர்ன் என்ற பாட்டிக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு இதேதான் நடந்தது. விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் லோகோபேடின் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். தண்ணீராக எதுவும் ஆகாது, கூழ்போலக் கெட்டியாக வேண்டும். படுக்கவைத்து ஊட்டக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். ஜோஸ்பின் சிஸ்டர் டாக்டரிடம் ஓடினார். கவனமாகச் செய்து பார்க்கலாம், ஒருமுறை இருமினாலும் நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொன்றையும் நான் சொன்னேன். மேலிருந்து ஊட்டக் கூடாது, சிஸ்டரின் நல்ல கை உங்கள் கைமேல் இருக்க வேண்டும், ஸ்பூன் வருவது அவர் கைக்கே தெரிய வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது பிடிபடவில்லை. ஸ்பூன் மறுபடியும் மேலிருந்தே இறங்கியது. போனில் சொல்லி விளங்குகிற காரியமா அது?

அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் போயி இன்னா பண்றது? அங்க டாக்டரு கீறாங்கோ, மதரு கீறாங்கோ. என்ன உள்ள வுடுவாங்களா?" என்றாள். "அம்மா, கீழ கை வெக்கிறதுக்கு அங்க யாரும் இல்ல" என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "கூழு நான் காச்சிக்கினு போறேன்" என்றாள். ஆரம்பாக்கத்தில் ரயிலேறியதாக ஒரு மிஸ்டுகால் வந்தது. அனுப்பம்பட்டில் இறங்கியதாக இன்னொன்று வரும்வரை நான் யார் பேசியதையும் காதில் வாங்கவில்லை. மதர் வாசலில் தடுத்துவிட்டால்? ஒரு வாய் உள்ளே போய்ப் புரையேறி, என் பேச்சைக் கேட்டு என் அம்மா கையாலேயே அவர் போய்விட்டால்? இங்கே வெளியே பனி பெய்துகொண்டிருந்தது, எனக்கு முதுகெல்லாம் வேர்த்தது.

மதர் தடுக்கவில்லை. அறைக்குள்ளேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். ஜோஸ்பின் சிஸ்டர் வீடியோவில் எனக்குக் காட்டினார். நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள். அம்மா கட்டில் பக்கத்தில் தரையில் முட்டிபோட்டு, ஒரு வார்த்தை பேசாமல், சிஸ்டரின் இடது கையை எடுத்துத் தன் புறங்கைமேல் வைத்தாள். அந்தக் கை முதலில் சும்மா கிடந்தது. பிறகு விரல்கள் மெதுவாக மடங்கி அம்மாவின் கையைப் பற்றின. அந்த நேரம் பார்த்து சிஸ்டரின் உடம்பு சரிய, இரண்டு கையாலும் முதுகைத் தாங்குவதற்காக ஜோஸ்பின் சிஸ்டர் போனைக் கட்டிலில் போட்டுவிட்டார். என் திரையில் சுற்றுகிற மின்விசிறி மட்டும்தான். கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. போனை எடுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. என் குரல் கேட்டு சிஸ்டரின் கவனம் சிதறினால்? சொல்லவில்லை. வாய் திறக்காவிட்டாலும், துப்பினாலும், இருமினாலும் அம்மா நிறுத்திவிடுவாள், முதல் வாய் இறங்கினால்தான் அடுத்த ஸ்பூன் எடுப்பாள், அப்படித்தான் பேசி வைத்திருந்தோம்.

ஃப்ராவ் டோர்ன் அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. தாழ்வாரத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. மறுபடி அடித்தது. என் பக்கத்து ஒலியை அணைத்து, போனை ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். பாட்டி தலையணை நழுவி ஒருக்களித்துக் கிடந்தார். நிமிர்த்திவிட்டுத் திரும்பினேன். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கேயே இரு" என்றார். பாக்கெட்டுக்குள் மின்விசிறியின் கிறீச் சத்தமும் மதரின் முணுமுணுப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. இருமல் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. "இங்கேதான் இருக்கிறேன்" என்று பாட்டியிடம் ஜெர்மனில் சொன்னேன்.

பாக்கெட்டுக்குள் ஸ்பூன் மறுபடியும் கிண்ணத்தில் உரசியது.